200 மீட்டர் யாருக்கு, 50 மீட்டர் யாருக்கு?

"பீச்ல எவ்வளவு இடம் சும்மா கிடக்கு!" என்று யாராவது சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மணப்பாட்டுக்கு வந்து, திருச்சிலுவைக் கோவில் இருக்கும் மணல் குன்றில் நின்று பாருங்கள். சுற்றிப்பார்க்க வந்தவருக்கு வெறும் மணல்தான் தெரியும். வலை காய்வது, வலையைப் பழுது பார்ப்பது, கருவாடு போடுவது, கடல் சீறும் நாளில் வள்ளத்தை மேலே இழுத்துப் போடுவது எல்லாம் அந்த மணலில்தான். அது சும்மா கிடக்கிற இடமில்லை சார், பட்டறை.

இந்தப் பட்டறைக்கு ஒரு வேலி இருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1991. கிராமப்புறக் கடற்கரையில், கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுசாக் கட்டடம் எழுப்பக் கூடாது. ஓட்டை நிறைய உள்ள வேலிதான். ஆனாலும் வேலி.

2019 ஜனவரி 18 அன்று வந்த புது அறிவிக்கை (பேரு என்னவோ 2018ன்னுதான் வெச்சிருக்காங்க) அந்த 200ஐ 50 ஆக்கிவிட்டது. எல்லா ஊருக்கும் இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களுக்கு மட்டும். கடலோரத்தில் அப்படி நெருக்கியடிச்சு, சுவரோடு சுவர் ஒட்டி வாழ்றது யாரு? மீனவன்தானே! இதுபோக, உச்சக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்சி, 'தற்காலிக' சுற்றுலாக் குடில்களும் போட்டுக்கலாமாம். நம்ம ஊர்ல தற்காலிகம்னா எத்தனை வருஷம்னு உங்களுக்கே தெரியும் :)

"அப்போ மீனவன் வீடு கட்ட வேணாமா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். அதுக்கு 2011 அறிவிக்கையிலேயே வழி இருந்தது. 100லிருந்து 200 மீட்டருக்குள், பாரம்பரியக் கடலோர மக்கள் வீடு கட்ட அனுமதி பெறலாம். இப்போ திறந்திருக்கிற கதவு மீனவனுக்கு மட்டுமானது இல்லை, காசு உள்ள யாருக்கும்.

சுனாமி முடிஞ்சு 2005ல் தமிழக அரசு என்ன சொன்னது? 200 மீட்டருக்குள்ளே இருந்தவங்க அரசு வீடு வேணும்னா அந்த 200 மீட்டரைத் தாண்டித்தான் போகணும். கடல் ஆபத்துன்னு மீனவனைப் பின்னால தள்ளினாங்க. பதினாலு வருஷம் கழிச்சு மத்திய அரசு 50 மீட்டர் போதும்ங்குது. ரிசார்ட்டுக்குள்ள மட்டும் கடல் வராதா?

இதுல கொடுமை, இது நாடாளுமன்றத்தில் விவாதிச்சு ஓட்டுப் போட்டு வந்த சட்டமே இல்லை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு அமைச்சகம் போட்ட அறிவிக்கை. அம்புட்டுதான்.

பக்கத்துல குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நட்டாச்சு. ராக்கெட் பார்க்கக் கூட்டம் வரும், கூட்டம் வந்தா லாட்ஜ் வரும். லாட்ஜுக்கு எந்த மணல்னு நினைக்கிறீங்க?

எந்த ஊரில் எத்தனை மீட்டர் என்று முடிவு பண்ணுவது கடற்கரை மேலாண்மை வரைபடம். தமிழ்நாட்டில் 2023ல் வரைவு வந்தபோது, மீனவ ஊர்களும் வலை காயவைக்கும் இடங்களும் விடுபட்டிருக்குன்னு மீனவர் அமைப்புகள் சத்தம் போட்டாங்க. கடலோர ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்க மாவட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்க. உங்க ஊர் வள்ளம் ஏத்துற இடம் அதுல இருக்கா?