தன்னாற்றல் ஒளி உணரிகள்: ஆய்வகத்தில் சாதனை, ஆலைக்கு வருமா?

புதுடெல்லி: வெளியிலிருந்து மின்னழுத்தம் பெறாமல், தன்மீது விழும் ஒளியைக் கொண்டே மின் சமிக்ஞை எழுப்பும் 'தன்னாற்றல்' ஒளி உணரிகள் குறித்த ஆய்வு முடிவுகள் உலகெங்கும் தொடர்ந்து வெளியாகி வருகின்றன. சில அணுக்களின் தடிமனே கொண்ட இருபரிமாணக் குறைக்கடத்திகளால் இவை உருவாக்கப்படுகின்றன. சிப் உற்பத்திக்காகப் பெரும் பொதுநிதியை ஒதுக்கியுள்ள இந்தியா, இத்துறையில் எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்ற கேள்வியை இந்த ஆய்வுகள் எழுப்பியுள்ளன.

இயங்குவது எப்படி?

கேமரா, கண்ணாடியிழைத் தொலைத்தொடர்பு, நாடித்துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் என அனைத்திலும் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் உணரி உள்ளது. தன்னாற்றல் உணரியில், இரு வேறு குறைக்கடத்திகள் சந்திக்கும் இடத்தில் இயல்பாகவே ஒரு மின்புலம் உருவாகிறது. ஒளி பட்டதும் தோன்றும் எலக்ட்ரான்களையும் துளைகளையும் அந்த மின்புலமே எதிரெதிர்த் திசைகளில் பிரித்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. சூரிய மின்தகட்டின் தத்துவமும் இதுவே. சிலிக்கான் உணரிகளையும் இவ்வாறு இயக்க முடியும்.

புதுமை, பயன்படுத்தப்படும் பொருளில் உள்ளது. 2004-இல் கிராஃபீனைப் பிரித்தெடுத்த ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோருக்கு 2010-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், கிராஃபீனில் ஆற்றல் இடைவெளி இல்லை என்பதால், மின்னழுத்தம் அளிக்கப்பட்டால் இருட்டிலும் அதில் மின்னோட்டம் பாயும். ஆகவே ஆய்வாளர்களின் கவனம் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற அடுக்குப் பொருள்களின் பக்கம் திரும்பியது. சுமார் 0.65 நானோமீட்டர் தடிமனுள்ள அதன் ஒற்றை அடுக்கு, ஒளியுடன் திறம்பட வினைபுரியும் நேரடி ஆற்றல் இடைவெளி கொண்டது என்பது 2010-இல் கண்டறியப்பட்டது. அடுக்குகள் வலுவற்ற விசையால் மட்டுமே பிணைந்திருப்பதால், வெவ்வேறு பொருள்களைச் சீட்டுக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

எண்களைப் படிக்கும் முறை

2013-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் ஆய்வாளர்கள் உருவாக்கிய மாலிப்டினம் டைசல்ஃபைடு உணரி, ஒரு வாட் ஒளிக்கு 880 ஆம்பியர் என்ற உணர்திறனை எட்டியது. எனினும், அது வெளி மின்னழுத்தத்துடன் பெற்ற அளவு. தன்னாற்றல் முறையில் ஓர் ஒளித்துகள் வழக்கமாக ஓர் எலக்ட்ரானை மட்டுமே தர முடியும். எனவே 620 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளியில் அதன் உச்சவரம்பு வாட்டுக்கு 0.5 ஆம்பியர் மட்டுமே. இவ்விரு எண்களையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது. இருட்டு மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதே தன்னாற்றல் முறையின் சிறப்பு.

'தன்னாற்றல்' என்ற சொல் உணரும் பகுதியை மட்டுமே குறிக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சமிக்ஞையைப் பெருக்கவும், எண்ணாக மாற்றவும், வானலை வழியே அனுப்பவும் மின்சாரம் தேவை. தொலைவிலிருந்து தகவல் அனுப்பும் கருவிகளில் பெரும்பாலும் இப்பணிகளே மின்கலத்தைத் தீர்க்கின்றன. ஆகவே, இவ்வகை உணரி வந்துவிட்டால் மின்கலமே தேவைப்படாது என்று கருதுவது சரியன்று.

சிலிக்கானால் காண இயலாத இடத்தில்தான் இப்பொருள்கள் உண்மையான மாற்றத்தைத் தரக்கூடும். சிலிக்கானின் பார்வை ஏறத்தாழ 1,100 நானோமீட்டரோடு முடிந்துவிடும். கருப்பு பாஸ்பரஸ் அடுக்குகளோ சுமார் 4,000 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியை உணரக்கூடியவை. இரவு நேரக் கண்காணிப்பு, வாயுக்கசிவைக் கண்டறிதல் ஆகியவற்றுக்கு இந்த அலைநீளங்கள் முக்கியமானவை. இன்று இவற்றுக்குப் பயன்படும் உயர்திறன் உணரிகள் பலவற்றைக் குளிரூட்டியே இயக்க வேண்டியுள்ளது. அதேவேளையில், கருப்பு பாஸ்பரஸ் காற்றிலும் ஈரத்திலும் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் பாதுகாப்பு உறை அவசியமாகிறது.

உற்பத்தியே பெரும் தடை

ஆய்வக உணரிகளில் பல, ஒட்டுநாடாவால் படிகத்திலிருந்து உரித்தெடுத்த நுண்செதில்களால் ஆனவை. ஆலை உற்பத்திக்கு, 200 அல்லது 300 மில்லிமீட்டர் வேஃபர் முழுவதும் சீரான அடுக்கு வளர வேண்டும். வேதி ஆவிப் படிவு முறையில் இதற்குப் பொதுவாக 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்படுகிறது. மின்சுற்று அமைக்கப்பட்ட சிலிக்கான் சிப் தாங்குவதோ சுமார் 450 டிகிரி வரைதான். ஆகவே அடுக்கை வேறிடத்தில் வளர்த்துச் சிப்பின்மீது மாற்றுகின்றனர். அப்போது சுருக்கங்களும் விரிசல்களும் ஏற்படுகின்றன.

இத்தடையைக் கடக்கப் பிற நாடுகள் முனைந்துள்ளன. ஸ்பெயினின் பார்சிலோனா ஆய்வாளர்கள் 2017-இல் கிராஃபீனையும் குவாண்டம் புள்ளிகளையும் சிலிக்கான் சுற்றுடன் இணைத்து, 388×288 படப்புள்ளிகள் கொண்ட கேமரா உணரியை உருவாக்கினர். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் 2 கோடி யூரோ செலவில் இருபரிமாணப் பொருள்களுக்கான முன்னோடி உற்பத்தித் தடத்தைத் தொடங்கியது. சீனாவின் ஃபுடான் பல்கலைக்கழகம் 2025-இல் 5,900 டிரான்சிஸ்டர்கள் கொண்ட மாலிப்டினம் டைசல்ஃபைடு செயலியை அறிவித்தது.

இந்தியாவின் முன்னுள்ள தெரிவு

2021 டிசம்பரில் மத்திய அரசு ரூ.76,000 கோடி மதிப்பிலான குறைக்கடத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குஜராத்தின் தொலேராவில் அமையும் டாடா ஆலை உள்ளிட்டவை சிலிக்கான் தொழில்நுட்பத்தையே சார்ந்தவை. இருபரிமாணப் பொருள்களைக் கொண்டு சிப் உருவாக்க, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த 30 விஞ்ஞானிகள் அரசிடம் முன்வைத்த திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு ரூ.500 கோடி கோரப்பட்டுள்ளது.

அறிவியல் அடித்தளம் நாட்டில் ஏற்கெனவே உள்ளது. சி.என்.ஆர்.ராவ் தலைமையிலான பெங்களூரு குழு, 2010-இலேயே கிராஃபீனை ஒத்த மாலிப்டினம் டைசல்ஃபைடு அடுக்குகளைத் தயாரித்தது. மொஹாலியிலுள்ள அரசின் குறைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் உற்பத்தித் தடம் இயங்குகிறது. அதிநவீனச் செயலிகளுக்கு இது போதாது. ஆனால், ஒளி உணரியின் சமிக்ஞையைப் படிக்கும் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் போதுமானது. அந்த வேஃபர்களின்மீது இருபரிமாண அடுக்குகளைப் பொருத்தும் பொது வசதி அமைந்தால், ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையிலான தொலைவு குறையும்.

அதற்கு, நிதியை அளிக்கும் அளவுகோலும் மாற வேண்டும். ஒரே ஓர் உணரி படைத்த சாதனையைவிட, ஒரு வேஃபரில் உள்ள நூறு உணரிகளும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா, ஓராண்டுக்குப் பின்னும் இயங்குகின்றனவா, படிக்கும் சுற்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பனவே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு விடை கிடைக்காத வரை, 'தன்னாற்றல்' என்பது ஆய்விதழ்களின் தலைப்பாக மட்டுமே நீடிக்கும்.