மொழி ஏட்டிலா, நாவிலா?

கந்தப்பளையில் லீக்ஸ் மூட்டையை இறக்கும் தமிழ் விவசாயியும், அதனை விலைபேசும் சிங்கள வியாபாரியும் மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஓடுவதில்லை. இவர் சிறிது சிங்களம், அவர் சிறிது தமிழ் எனப் பேசியே காரியத்தை முடித்துக்கொள்கின்றனர். அதே விவசாயி பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரைத் திருத்த அரசாங்க அலுவலகத்தின் வாசலை மிதிக்கும்போதோ, விளங்காத படிவத்தைக் கையிலேந்தி ஆள் தேடி அலைகிறார். சந்தையில் வாழும் மொழி சர்க்கார் மேசையில் சாவது ஏன்?

சட்டம் இல்லாத குறையன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கிற்று. அவ்வநீதியின் வடு இன்னும் ஆறவில்லை. ஆயினும் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1988இல் வந்த 16ஆவது திருத்தம், சிங்களத்தில் நிர்வாகம் நடைபெறும் பகுதியிலும் தமிழில் அலுவல் முடிக்கும் உரிமையை உறுதிசெய்தது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதி தொட்டுச் சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டுமெனப் பணித்தது. ஆனால், சான்றிதழ் கோவையில் இருக்கிறது. மொழி நாவில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமாரும் தமிழ் கற்றவர்களே. சின்னத்துரைமாருக்கெனக் கொழும்பில் ஃபெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும்! வேலை வாங்குமளவுக்கு மொழி. அதற்கு மேல் வேண்டுவதில்லை என்பதே அதன் உட்கிடை. அமெரிக்காவின் நவஹோ மக்களுடைய கதையும் இத்தகையதே. பள்ளிகளில் தாய்மொழி பேசிய அவர்தம் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1942இல் போர் நெருக்கவே, அதே மொழியைக் கொண்டு இரகசியச் செய்தி அனுப்ப அம்மக்களின் இளைஞர் 29 பேரை மரைன் படை தெரிந்தெடுத்தது. தேவைக்கு மட்டும் மொழியை மதிப்பது மதிப்பாகாது. அம்மக்கள் 1968இல் தமக்கெனக் கல்லூரி கண்டு, தம் மொழியை அங்கே போதிக்கலாயினர்.

“அப்படியாயின் தமிழர் சிங்களம் கற்பது அடிபணிவதாகாதா?” என்று எம் வாசகர் சிலர் கேட்கக்கூடும். கட்டளைக்குப் பணிந்து கற்பது வேறு. அயலவருடன் பழகுவதற்கு விரும்பிக் கற்பது வேறு. இரு மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றிலேயே நிற்கிறது. ‘அக்கா’ என்றால் அவர்களுக்கும் அக்காதான். நமது கடை அங்கே ‘கடே’. நாம் கற்பதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் ஒன்றை அழுத்தந்திருத்தமாகக் கூறிவைக்கிறோம்: நாம் சிங்களம் அறிந்திருப்பது, அலுவலர் தமிழ் அறியாதிருப்பதற்குச் சாட்டாகிவிடக் கூடாது. சிங்களம் ஒரு சொல்லும் அறியாத கொழுந்து பறிக்கும் மூதாட்டிக்கும் அந்த உரிமை குறைவின்றி உண்டு.

ஆதலால் நாம் வேண்டுவன இரண்டு. அலுவலரின் தமிழ்த் தேர்ச்சியை எழுத்துத் தாளால் மட்டும் அளவிடாது, பொதுமக்களுடன் உரையாடச் செய்து அளவிடுக. லயத்து மக்களோடு ஒரு மாதம் பேசிப் பழகியவர், ஒரு வருடம் புத்தகம் புரட்டியவரை வெல்வார். இரண்டாவது எம்மவர்க்கு: கந்தப்பளை ஆசிரியர்களும் ஏனைய உத்தியோகத்தரும் முன்னின்று, வாரத்தில் ஒரு மாலையேனும் தமிழ் விவசாயியையும் சிங்கள விவசாயியையும் ஒரே வாங்கில் அமர்த்துக. இவர் மொழியை அவரும், அவர் மொழியை இவரும் பேசிப் பழகட்டும். பிழை வந்தால் சிரித்துத் திருத்திக்கொள்ளட்டும்.

‘இங்கே வா’ என்று அதட்டிய மொழியை நாம் கண்டோம். ‘வாருங்கள், இருங்கள்’ என்று உபசரிக்கும் மொழி அலுவலக மேசைக்கு அப்பாலிருந்தும் ஒலிக்கவேண்டும். அந்நாள் வரும்வரை நாம் கற்போம், கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.