பூட்டிய அறையில் பொடியாகும் நூல்கள்

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சான அந்தப் 16 பக்க நூலின், இன்று அறியப்பட்டுள்ள ஒரே படி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. கடல் கடந்து போனதே என்று வருந்துகிறோம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும். நம் பல்கலைக்கழக நூலகங்களின் பூட்டிய அறைகளில் அப்படி ஒரே படியாக எஞ்சியிருப்பவை எவை, எத்தனை? பதில் சொல்ல யாருமில்லை.

பதில் தேடவும் அவகாசம் குறைந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்க் காகிதம் பரவியது. மை ஊறாமலிருக்க அதில் சேர்த்த படிகாரம் நாளடைவில் அமிலமாகி, நாரை உள்ளிருந்தே அரித்துவிடும். தமிழ் அச்சு பெருகியதும் அதே காலத்தில்தான். முதல் நாவல்கள், சாதிச் சங்க இதழ்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், குஜிலிக் கடைகளில் காலணாவுக்கு விற்ற சிந்துகள் எல்லாம் அந்த மலிவுக் காகிதத்தில் வந்தவை. இன்று அவற்றில் ஒன்றைப் பிரித்தால் தாளின் மூலை அப்பளம்போல் ஒடிந்து விரலோடு வருகிறது. கிழிசலில் யாரோ அக்கறையோடு ஒட்டிய செல்லோ டேப், எழுத்தின் மேல் பழுப்புக் கறையாக இறங்கியிருக்கிறது. முதுகு விரிய மடக்கி ஜெராக்ஸ் எடுத்ததில் தையல் அறுந்திருக்கிறது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்கிறது.

சுவடிகளின் கதை வேறு. ஒரே கட்டில் நான்கைந்து நூல்கள் சேர்ந்திருப்பது வழக்கம். பட்டியலில் முதல் நூலின் பெயர் மட்டும் ஏறியிருந்தால் மற்றவை இருந்தும் இல்லாதவைதான். பிரித்துப் பார்க்கலாம் என்றாலோ, புள்ளியில்லாத, குறில் நெடில் வேறுபாடு காட்டாத பழைய எழுத்தைத் தடையின்றி வாசிப்பவர்கள் அருகிவிட்டார்கள். அவர்கள் ஓய்வு பெற்றுப் போகும்போது அந்த நாற்காலி நிரப்பப்படுவதில்லை.

நூல்களை வகைப்படுத்தும் கலையை உலகுக்குக் கற்பித்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் நூலகராகப் பொறுப்பேற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தில். அவர் பிறந்த தமிழ்நாட்டிலா பட்டியலுக்குப் பஞ்சம்? வழியும் நம் கண்முன்னே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து, பட்டியலிட்டு, நுண்படமெடுக்க வகைசெய்தது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நமக்காகச் செய்ததை நம் பல்கலைக்கழகங்கள் செய்ய என்ன தடை?

ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்ற அறிவிப்போடு கடமை முடிந்துவிடாது. பெயரும் ஆண்டும் குறிக்காமல் வன்தட்டில் கிடக்கும் படம் இன்னொரு பூட்டிய அறைதான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் அரிய நூல்கள், சுவடிகளின் முழுப் பட்டியலை ஓராண்டுக்குள் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வேறெங்கும் இல்லாதவை, உடையும் நிலையில் இருப்பவை முதலில் படமாக்கப்பட வேண்டும். காலியான நூலகர், சுவடியியல் பணியிடங்களை அரசு இந்த நிதியாண்டிலேயே நிரப்பட்டும். சுவடி வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் மாணவர்களை அனுப்பட்டும்.