கிராமங்களை மறுபடியும் விசாரிப்போம்

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் கிராம சமூகவியல் தனிச் சாஸ்திரமாக உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணாக்கரைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன் முதலியவற்றை விசாரித்து எழுதச் செய்து, 1918-ல் அவற்றை நூலாக வெளியிட்டார். நமக்கு அண்மையிலுள்ள தூசி என்னும் ஊரும் அக்கிராமங்களுள் ஒன்று. பின்னர் பொருளாதார ஆராய்ச்சியாளர்களான பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து, 1940-ல் வெளியிட்ட நூலே மாறுதலின் போக்கை விளக்கிற்று. ஒரே தடவை எடுத்த கணக்கால் அது கூடுமோ?

ஆகவே, இன்று ஏரிப் பாசன வயல்கள் மோட்டார் தொழிற்சாலைகளாகவும், குடியானவர் மனைகள் வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் வாடகை அறைகளாகவும் மாறிவரும் நம் குன்றத்தூர், ஒரகடம் வட்டாரத்தில், நிலத்தை விற்றவர், குத்தகையை இழந்தவர், விற்க நிலமே இல்லாதிருந்தவர் ஆகியோரின் கதியை வீடு வீடாகச் சென்று விசாரித்தறிய, இவ்வட்டாரக் கலாசாலைகள் தம் மாணாக்கரை இவ்வாண்டே அனுப்ப வேண்டும்.