பென்சனும் தேடிய தேட்டம்தான்

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த சமூகம் நாங்கள். கோறணமேந்துச் சம்பளம் எவ்வளவு எண்டு எல்லாருக்கும் தெரியும். அதற்காக யாரும் அந்த வேலைக்கு ஆலாய்ப் பறப்பதில்லை. பறப்பது பென்சனுக்கு. உத்தியோகத்தர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு வரும், அவர் போனபிறகு மனிசிக்கு வரும். இந்த இரண்டாவது பாதிதான் கலியாணச் சந்தையில் விலை போகும் சாமான்.

"பொடியன் கோறணமேந்து, பென்சன் இருக்கு" என்று தரகர் சொன்ன உடனே சீதனத் தொகை ஒரு படி ஏறும். பெண் வீட்டார் காணியும் வீடும் நகையும் கொடுப்பது, பிள்ளை வயசுபோன காலத்திலே கையேந்தாமல் இருக்கவேணும் என்ற எண்ணத்திலும்தான். பென்சனில் ஒரு பங்குக்கு அவர்கள் முற்பணம் கட்டிவிட்டார்கள் என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கலியாணம் கோட்டில் முடிந்தால், இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும் சரி, அந்தப் பென்சனில் ஒரு சதத்துக்கும் அவளுக்கு உரித்தில்லை.

சட்டத்தைப் பார்ப்போம். விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியம் 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஆண் உத்தியோகத்தர்களுக்காக எழுதியது. பெண் உத்தியோகத்தர் இறந்தால் அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைக்கவேண்டும் என்று அரசுக்குத் தோன்ற 1983 வரை எடுத்தது. அந்த வருடத்து 24 ஆம் இலக்கச் சட்டம்தான் தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. எண்பத்தைந்து வருட இடைவெளி! பெண்ணின் உழைப்பிலும் ஒரு குடும்பம் தங்கி நிற்கும் என்பதை விளங்கிக்கொள்ள எடுத்த காலம் அது.

இரண்டு சட்டங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். உத்தியோகத்தர் இறக்கும் நேரத்தில் சட்டப்படி கணவனோ மனைவியோ யார் என்று மட்டும் பார்க்கும். எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று கேட்காது.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு லிகிதர் முப்பது வருடம் சேவை செய்கிறார். முதல் இருபத்துநான்கு வருடம் ஒரு மனைவி. இடமாற்றம் கிடைத்து அவர் எங்கெங்கோ அறை எடுத்துத் தங்கியபோது, பிள்ளைகளையும் மாமா மாமியையும் பார்த்தவர் அவர்தான். பிறகு விவாகரத்து. லிகிதர் மறுமணம் செய்து, கடைசி ஆறு வருடச் சேவையை முடித்து, ஓய்வுபெற்று, இறந்துபோகிறார். ஓய்வூதியம் முழுவதும் இரண்டாவது மனைவிக்கு. முதல் மனைவிக்கு வெறுங்கை. இன்னொரு வீட்டில் இருவரும் இருபது வருடமாக முகம் பார்ப்பதில்லை, ஆனால் கோட்டுக்குப் போகவில்லை. அங்கே மனைவிக்கு முழுப் பென்சன். இரண்டாவது மனைவி எதிரி இல்லை, பிரிந்திருந்து பென்சன் எடுக்கிறவரும் எதிரி இல்லை. சட்டம் கடதாசியைப் பார்க்கிறது, வருடங்களைப் பார்க்கவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

அதுவும் எப்படிப்பட்ட விவாகரத்து? எங்கள் பொது விவாகச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று மூன்று காரணங்கள்தான் அதில் உண்டு. அதாவது யாரோ ஒருவர் பிழை என்று நிரூபிக்கவேணும். கணவன் கைவிட்டுப் போனான் என்று நிரூபித்து மனைவியே வழக்கில் வென்றாலும், தீர்ப்போடு அவளுடைய விதவை ஓய்வூதியம் போய்விடும். பிழை செய்தவருக்கு அவருடைய பென்சன் அப்படியே இருக்கும். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் கணவன் காரணம் சொல்லாமலே தலாக் சொல்லலாம். அங்கே மனைவியின் முதுமைக்காலப் பாதுகாப்பு மற்றவரின் வாயில் தொங்குகிறது.

அதனால்தான் பெரியவர்கள் புத்தி சொல்கிறார்கள்: "அடிச்சாலும் உதைச்சாலும் கொஞ்சம் பொறு பிள்ளை, மனிசன் செத்தாப் பென்சன் வரும், கோட்டுக்குப் போனா ஒண்டும் வராது." கொடூரமான புத்திதான். ஆனால் கணக்குப் பிழையில்லை. விட்டுப் போகிறவளைத் தண்டித்து, சாவுக்காகக் காத்திருக்கிறவளுக்குக் காசு கொடுக்கும் சட்டம் இருக்கும்வரை அந்தப் புத்திமதி ஓயாது.

"நீதிமன்றம் ஏதாவது வாங்கித் தருமே" என்பீர்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615 ஆம் பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்போடு சொத்து எழுதிக்கொடுக்கவோ ஒரு தொகை கட்டவோ மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். சரி. ஆனால் அதே சட்டக்கோவையின் 218 ஆம் பிரிவு, அரச ஓய்வூதியத்தைக் கடனுக்காகக் கைப்பற்ற முடியாத சொத்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பலருக்குக் காணியும் இல்லை, வீடும் மனைவியின் சீதன வீடு. கையில் இருக்கும் ஒரே பெரிய சொத்து பென்சன்தான், அதற்கோ பூட்டு. மாதாமாதம் கட்டச் சொன்னாலும், அவர் இறந்தபிறகு கட்ட ஆள் இல்லை.

இவ்வளவுக்கும் பதில் எங்கள் ஊர் வழக்கிலேயே ஒரு சொல்லாக இருக்கிறது: தேடிய தேட்டம். முதுசம், சீதனம் என்பவை வேறு. கலியாணத்துக்குப் பிறகு தேடியது வேறு. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டின் திருத்தமும் இதற்கு வரைவிலக்கணம் தந்தன. கலியாண காலத்தில் பெறுமதி கொடுத்துத் தேடிய சொத்தும் அதில் அடங்கும். ஒருவர் இறந்தால் அதில் பாதி மற்றவருக்கு. தேசவழமையைப் புகழ நான் வரவில்லை. மனைவி தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குப் புருசனின் சம்மதம் கேட்கும் சட்டம் அது. மட்டக்களப்பாரையோ மலையகத்தாரையோ முஸ்லிம்களையோ அது கட்டுப்படுத்துவதும் இல்லை. அந்த யோசனையை மட்டும் எடுப்போம்: சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தேடியது இருவருக்கும் உரியது.

"பென்சன் சொத்தில்லை, அரசின் கொடை" என்று வாதிடுவார்கள். ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பே அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தில் முழு உரிமை இல்லை என்றுதான் சொல்கிறது. அப்படியென்றால் சம்பளச் சிட்டையில் மாதாமாதம் 'டபிள்யூ அன்ட் ஓ.பி.' என்று வெட்டுவது என்ன? அந்தக் காசு வீட்டுச் செலவிலிருந்து போனது. அந்தக் காசில்லாமல் குடும்பத்தைக் கொண்டு நடத்தியது யார்?

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை, பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு. சேவை முப்பது வருடம், அதில் கலியாணத்தோடு சேர்ந்தது இருபது வருடம் என்றால், முப்பதில் இருபதின் பாதி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, பிரிந்த துணைக்கு. ஓய்வூதியம் 60,000 ரூபா என்றால் 20,000. உத்தியோகத்தர் இறந்தபின் வரும் ஓய்வூதியத்தையும் அப்படியே வருடக் கணக்கில் பங்கிடலாம். மேலே சொன்ன லிகிதரின் வீட்டில் இருபத்துநான்குக்கு ஆறு. ஜேர்மனி 1977 இலிருந்து விவாகரத்தின்போது ஓய்வூதிய உரித்துகளைப் பங்கிடுகிறது. கனடா தன் பொது ஓய்வூதியத் திட்டத்தில் 1978 இலிருந்து. பிரித்தானியா 2000 டிசம்பரிலிருந்து. எங்கட சனம் கூடுதலாகப் போய்க் குடியேறிய நாடுகள் இவை. அங்கே போன தமிழ்ப் பெண்ணுக்கு உள்ள உரிமை, இங்கே இருக்கும் அவளுடைய தங்கைக்கு இல்லை.

"நாடு வங்குரோத்து, காசில்லை" என்ற பதில் இங்கே செல்லாது. திறைசேரி ஒரு ரூபாவும் கூடக் கொடுக்கத் தேவையில்லை. அதே பென்சன், இரண்டு கணக்குக்குப் போகும், அவ்வளவுதான்.

கனமான எதிர்வாதம் வேறு. ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். குடித்துவிட்டு அடித்தவனுக்கும் அந்த ரீச்சரின் பென்சனில் பாதியா? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. விதி இருவருக்கும் பொது, ஆனால் வன்முறை நிரூபிக்கப்பட்டால் பங்கைக் குறைக்கவும் மறுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெற்ற பாதுகாப்புக் கட்டளை அதற்குச் சான்றாகலாம்.

வருடங்களைப் பங்கிட முதல், எதை வருடமாக எண்ணுவது என்பதிலும் ஓர் அநியாயம் நடக்கிறது. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்குப் பள்ளிக்கூடங்கள் பலவற்றைத் திறந்து வைத்திருந்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். ஆசிரியர் போகப் பயந்த ஊர்களில் படிப்பித்தவர்கள், அதிலும் பெண்கள் நிறையப் பேர். வீதியில் இருந்து போராடித்தான் நியமனம் எடுத்தார்கள். ஆனால் ஓய்வூதியக் கணக்கு நியமனக் கடிதத்தின் திகதியிலிருந்துதான் தொடங்கும். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருடச் சேவை வேண்டும். பதினைந்து வருடம் தொண்டராகப் படிப்பித்து நாற்பத்தைந்தில் நியமனம் எடுத்தவருக்கு, அறுபதில் எஞ்சுவது பதினைந்து வருடக் கணக்கு. வகுப்பறையில் நின்றதோ முப்பது வருடம்.

இதையும் பாருங்கள். 2022 ஜூனில் டொலர் இல்லாமல் அரசு தவித்தபோது ஒரு சுற்றுநிருபம் வந்தது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்றது. போனவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கதிரையில் இல்லாத ஐந்து வருடத்தைச் சேவையாக எண்ண முடிந்த அரசுக்கு, கரும்பலகைக்கு முன்னால் நின்ற பதினைந்து வருடம் கண்ணில் படவில்லை. எண்ண முடியாது என்பது பொய். தேவைப்பட்டால் எண்ணுவார்கள்.

ஆகவே கேட்கவேண்டியது இதுதான். 1898, 1983 சட்டங்கள் இரண்டையும் திருத்தி, விவாகரத்தான துணைக்கு மணவாழ்வு வருடங்களின் அளவில் பங்கு கொடுக்கவேண்டும். அந்தப் பங்குக்கு மட்டும் 218 ஆம் பிரிவின் பூட்டைத் திறக்கவேண்டும். தொண்டர் சேவையை, பாடசாலை வரவுப் பதிவேட்டின் சான்றோடு, ஓய்வூதியச் சேவையாக ஏற்கவேண்டும். தேர்தல் வரும்போது வீட்டுக்கு வரும் எங்கள் பிரதிநிதிகள் தீர்வைப் பற்றியும் மாகாண சபையைப் பற்றியும் கதைப்பார்கள். கதைக்கட்டும். இந்த மூன்றையும் நீங்கள் கேளுங்கள். அதுவரைக்கும், கலியாணம் பேச வரும் தரகர் "பென்சன் இருக்கு" என்று தொடங்கினால், "ஆருக்கு?" எண்டு திருப்பிக் கேளுங்கோ.