பாட்டு இலவசம்தான், பாடியவர் யார்?



அன்பின் ஊர் உறவுகளே, குறிப்பாகத் தரம் 9, 10, 11 இல் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே,

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இசை கேட்கலாமா, கூடாதா என்ற பேச்சை முதலிலேயே ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அதில் நமது ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. அது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். ஆசிரியர்களாகிய நாங்கள் பேச வந்தது வேறு. நமது பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். கஸீதாவோ, சினிமாப் பாட்டோ, கொரியப் பாட்டோ, ஏதோ ஒன்று காதில் ஓடுகிறது. அது எங்கிருந்து வருகிறது, யாருடைய உழைப்பு, யார் அனுமதித்துத் தந்தது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒரு வேலை செய்து பாருங்கள். பிள்ளையின் போனில் இருக்கும் பாட்டுகளின் பட்டியலைத் திறந்து பெயர்களை மட்டும் வாசியுங்கள். பாடகர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையத்தளத்தின் பெயர் நிற்கும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஒருவருடைய பெயரும் இருக்காது. திருடியவன் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான், உழைத்தவன் பெயர் அழிந்து போயிருக்கிறது. பிள்ளையிடம் "இது யார் பாடியது?" என்று கேட்டால் "தெரியாது சேர், டிக்டொக்கில வந்தது" என்பதுதான் வகுப்பில் எங்களுக்குக் கிடைக்கும் பதில்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டுக்கும் சேர்த்துத்தான். அதைவிடப் பக்கத்தில் நிற்கும் ஆபத்தும் ஒன்று உண்டு. விளம்பரம் வராத 'மாற்றிய' செயலி என்று டெலிகிராமில் சுற்றுவதைப் பிள்ளைகள் வாப்பாவின் போனில் ஏற்றுகிறார்கள். அதே போனில்தான் வங்கிச் செயலியும், அதற்கு வரும் இரகசிய இலக்கமும் இருக்கின்றன. ஒரு பாட்டுக்காக வீட்டுக் கதவைத் திறந்து வைக்கிறோம்.

"அப்படியென்றால் காசு கட்டியா கேட்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். இல்லை. இலவசமாகக் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. நமது நாட்டில் பாட்டுக் கேட்பது எப்போதும் இலவசமாகத்தான் இருந்தது.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் ஒன்று நம்முடையது. 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியாவே இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டது. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த 'பினாக்கா கீத்மாலா' கொழும்பிலிருந்துதான் ஒலிபரப்பானது. தமிழ்ச் சேவையை நமது பெற்றோரிடம் கேளுங்கள். கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் பற்றி இன்றும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அந்த நாட்களில் ஒருவரும் காசு கட்டிக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் ஓர் அறிவிப்பாளர் இருந்தார். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாட்டு வரும். எழுதப் படிக்கத் தெரியாத நமது உம்மம்மாமாருக்குக்கூட எது கண்ணதாசன் எழுதியது என்று தெரிந்திருந்தது அப்படித்தான். இன்றைய பிள்ளைக்குப் பாட்டுக்குக் குறைவில்லை, அறிவிப்பாளர்தான் இல்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அதே மாதிரியான அடுத்ததை போன் தானாகத் தள்ளிவிடுகிறது. பிள்ளை தெரிவு செய்வதும் இல்லை, விசாரிப்பதும் இல்லை.

அந்த அறிவிப்பாளர் இணையத்தில் இன்னும் இருக்கிறார். எங்கே என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

முதலாவது, அல்பம் வெளிவருமுன் கலைஞர்களே கேட்கத் தரும் முன்னோட்டங்கள். இது புதிய பழக்கமல்ல. அப்பிள் நிறுவனம் 2003 இல் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோதே ஒவ்வொரு பாட்டிலும் 30 வினாடி இலவசமாகக் கேட்க முடிந்தது. அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர், 'பர்ஸ்ட் லிஸன்' என்ற பெயரில் பல வருடங்களாக முழு அல்பத்தையே வெளியீட்டுக்கு முன் கேட்க வைத்தது. 2008 இல் தொடங்கிய பேன்ட்கேம்ப் தளத்தில் எதை இலவசமாகக் கேட்கலாம், எதை விற்பது, என்ன விலை என்பதையெல்லாம் கலைஞரே தீர்மானிக்கிறார். பெரும்பாலான அல்பங்களைக் காசு கட்டாமல் தளத்திலேயே கேட்கலாம். 'விரும்பிய விலையைக் கொடுங்கள்' என்று போட்டு, பூச்சியத்துக்கும் தருபவர்கள் இருக்கிறார்கள். கீழே யார் பாடியது, எந்த ஊர், யார் எந்த வாத்தியம் வாசித்தது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம். நுஸ்ரத் பதேஹ் அலி கான் 1997 இல் காலமானார். அவர் 1990 இல் இங்கிலாந்தின் ரியல் வேர்ல்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய கவ்வாலிகள் அடங்கிய ஒலிநாடாக்கள் நீண்ட காலம் கவனிக்கப்படாமல் கிடந்தன. அவை கண்டெடுக்கப்பட்டு, 2024 செப்டெம்பரில் 'செயின் ஒஃப் லைட்' என்ற அல்பமாக வந்தன. முழு அல்பம் வருமுன் அதிலிருந்து பாட்டு முன்கூட்டியே கேட்கத் தரப்பட்டது. கவ்வாலி பிடித்த எத்தனையோ பேர் நமது ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது? போன் தானாகத் தள்ளும் வரிசையில் இது வராது, தேடிப் போனால்தான் கிடைக்கும்.

வாத்தியம் வேண்டாம் என்று பேணுதலாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. மாஹிர் ஸைன் போன்றவர்களின் நஷீதுகளைக் குரல் மட்டும் கொண்ட வடிவத்திலும் அவர்களது நிறுவனமே யூடியூபில் தந்திருக்கிறது.

இரண்டாவது, பொட்காஸ்ட். பழைய வானொலி நிகழ்ச்சி, நமக்கு நேரம் கிடைக்கும்போது கேட்பதற்காகப் போனுக்குள் வந்து இருப்பதுதான் பொட்காஸ்ட். 'ஓல் சோங்ஸ் கன்சிடர்ட்' 2000 ஆம் ஆண்டிலிருந்து புதிய பாட்டுகளை அறிமுகப்படுத்தி வருகிறது. சியாட்டில் நகர வானொலியான கே.இ.எக்ஸ்.பி 'இன்றைய பாட்டு' என்று ஒவ்வொன்றாகத் தருகிறது. இந்திய வம்சாவளியினரான ஹிரிஷிகேஷ் ஹிர்வே 2014 இல் தொடங்கிய 'சோங் எக்ஸ்ப்ளோடர்' ஒரே ஒரு பாட்டை எடுக்கும். அதைச் செய்தவரே வந்து, இந்த ஓசை எப்படி வந்தது, இந்த வரியை ஏன் மாற்றினேன் என்று சொல்லுவார். கடைசியில் முழுப் பாட்டையும் போடுவார்கள். 'அஃப்ரோபொப் வேர்ல்ட்வைட்' 1988 முதல் வானொலியில் நடந்து வரும் நிகழ்ச்சி. மாலி, செனகல் போன்ற முஸ்லிம் நாடுகளின் பாடல்களைப் பற்றி அதில் கேட்கலாம்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதையும் ஒரு நன்மையாகத்தான் பார்க்கிறோம். சாதாரண தரத்தில் ஆங்கிலம் எழுதி விடுகிறார்கள், ஆனால் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும் பயிற்சி நமது பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. தனக்குப் பிடித்த விடயத்தைப் பற்றிய 20 நிமிடப் பேச்சு, எங்கள் 40 நிமிடப் பாடவேளையைவிட நன்றாகக் காதில் ஏறும்.

டேட்டாச் செலவையும் பாருங்கள். சாதாரணத் தரத்தில் ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பிதான் எடுக்கும். அரை மணி நேரப் பொட்காஸ்ட் 30 எம்பி அளவில் முடிந்துவிடும். அதே அரை மணி நேரம் யூடியூபில் வீடியோவாக ஓடினால் அதன் பல மடங்கு போகும். வைபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸில் இணையமே இல்லாமல் கேட்கலாம். ரீலோட் போட்டுக் கஷ்டப்படும் வீடுகளுக்கு இது சின்ன விடயமில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நேர்மையான வழியில் இலவசமாகக் கேட்டாலும் பாடியவருக்கு என்ன கிடைக்கிறது? உண்மைதான், பல வேளைகளில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. 2021 இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை எல்லோரும் கேட்டோம். நமது மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து இந்தியா திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும், தங்களுக்கு அதிலிருந்து வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார்.

அதனால் அனுமதித்த வழியில் கேட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த வழியில் போனால் கலைஞரின் பெயர் தெரியும், கேட்டவர்களின் எண்ணிக்கை அவர் கணக்கில் சேரும், பிறகு வசதி வரும்போது வாங்கவும் முடியும். 2020 மார்ச்சில், கொவிட் நேரத்தில், பேன்ட்கேம்ப் ஒரு வெள்ளிக்கிழமை தனது தரகை விட்டுக்கொடுத்து, அந்தப் பங்கையும் கலைஞர்களுக்கே போகச் செய்தது. பின்னரும் பல வெள்ளிக்கிழமைகளில் அப்படிச் செய்திருக்கிறது. பெயர் தெரிந்தவருக்குத்தான் அப்படி உதவ முடியும்.

பெயர் தொலைவது நமது நாட்டிலும் நடக்கிறது. 'மெனிகே மகே ஹிதே' என்றால் எல்லோரும் யொஹானி என்பார்கள். 2021 இல் அவர் பாடிய வடிவம்தான் உலகம் சுற்றியது. ஆனால் மூலப் பாட்டு 2020 இல் சதீஷன் ரத்நாயக்க பாடி வந்தது, இசை சமத் சங்கீத். எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நமது பக்கத்துக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத வைத்ததே இதுதான்.

கிழக்கிலும் மற்றப் பிரதேசங்களிலும் நமது சமூகத்துக்கென்று பாட்டுகள் இருக்கின்றன. தாலாட்டு, வயல் வேலையில் பாடிய கவி, பொல்லடி, பக்கீர் பாவாமாரின் றபான் பைத். இவை பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சியவர்களின் குரல் வட்ஸ்அப்பில் 40 வினாடித் துண்டுகளாகச் சுற்றுகிறது. யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒன்றும் இல்லை. மற்றவர்களின் பாட்டுக்கு நடப்பது நமது மூத்தம்மாமாரின் பாட்டுக்கும் நடக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாட்டார் பாடல் தேடும்போது, பிள்ளைகள் யூடியூபில் கிடைக்கும் வேறு ஊர்ப் பாட்டைத்தான் ஒவ்வொரு வருடமும் கொண்டு வருகிறார்கள். நமது ஊர்ப் பாட்டு அங்கே இல்லையே, அவர்கள் என்ன செய்வார்கள்?

முன்னோட்டமும் பொட்காஸ்டும் மற்றவர்களுடையதைக் கேட்பதற்கு மட்டும் என்று இருக்கத் தேவையில்லை. ஒரு நல்ல போன், மின்விசிறி நிறுத்திய அமைதியான அறை, பாடுபவரின் சம்மதம், இவ்வளவும் போதும் தொடங்குவதற்கு. பாடுமுன் பெயர், ஊர், வயது, இந்தப் பாட்டை யாரிடம் படித்தார் என்பதைப் பேச வைத்துப் பதிய வேண்டும். 'பெயரைச் சொல்லிப் பகிரலாம், விற்கக் கூடாது' என்று நிபந்தனை போடுவதற்கு 2002 முதலே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் போன்ற நமது எண்ணிம ஆவணக் காப்பகங்களிடமும் கொடுத்து வைக்கலாம்.

தன் குரல் வெளியே போவதை விரும்பாத உம்மம்மாமார் இருப்பார்கள். அது அவர்களுடைய உரிமை, வற்புறுத்தக் கூடாது. வரிகளைக் கேட்டு எழுதி எடுப்போம், அவர்கள் சம்மதித்தால் பேரப்பிள்ளை பாடட்டும்.

ஆகவே பெற்றோரிடம் மூன்று விடயம் கேட்கிறோம்.

1. போனைப் பறிக்க வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து, திருட்டுத் தளங்களில் இறக்கியதையும் மாற்றிய செயலிகளையும் நீக்குங்கள். ஸ்பொடிபை 2021 முதல் நமது நாட்டிலும் விளம்பரத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. பொட்காஸ்டும் அதிலேயே இருக்கிறது.

2. வாரத்துக்கு ஒரு புதிய பாட்டு அல்லது நஷீத். பிள்ளையே தேடிக் கண்டுபிடித்து, பாடியவர், எழுதியவர், ஊர் ஆகியவற்றை இரவுச் சாப்பாட்டில் அறிவிப்பாளர் போலச் சொல்லட்டும். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

3. வீட்டில் பாடத் தெரிந்த மூத்தவர் இருந்தால் எங்களுக்கு அறிவியுங்கள். பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம், உள்பெட்டியில் அனுப்புங்கள். விடுமுறை நாளில் இரண்டு ஆசிரியர்களும் நான்கு பிள்ளைகளும் வீடு தேடி வருவோம்.

இந்தத் தவணை முடிவதற்குள் பத்துப் பாட்டாவது சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். முதலாவது பதிவுக்கு எந்த வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது என்று பார்ப்போம்.