ஆழமறிந்து உடை அணிக

“ஆழம் அறியாமல் காலை விடாதே” என்பது பழமொழி. ஆழம் என்றதும் கோலார் தங்கவயல் தமிழர்க்கு நினைவுக்கு வருவது சுரங்கமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய அவர்தம் முன்னோர், மண்ணுக்கடியில் இறங்கிப் பொன் எடுத்தனர். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அதன் அடியில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசுக்கும் மேல் இருந்தது. அங்கு இறங்கியோரின் உடல், தன் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றித் தவித்தது. குளிர்கடலில் மூழ்குவோரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்தம் உடல்வெப்பம் விரைந்து வெளியேறுவதே பெரும் இடராகும்.

காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் உடல் நடுங்கும், விரல்கள் மரத்துப்போகும், பின்னர் அறிவும் தடுமாறும். கடலுக்கடியில் அறிவு தடுமாறினால் உயிருக்கே ஊறு விளையும். இதனைத் தடுக்கவே இருவகை உடைகள் உருவாயின. ஒன்று வெட்சூட் எனப்படும் ஈர உடை. மற்றொன்று டிரைசூட் எனப்படும் உலர் உடை.

ஈர உடையை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஹியூ பிராட்னர் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர். அது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. உடைக்குள் சிறிதளவு நீர் புகுந்து உடலை ஒட்டி நிற்கும். அந்த நீரே வெப்பம் தருகிறது எனப் பலர் கருதுவர். உண்மையில், ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வளிக்குமிழ்களே வெப்பத்தைக் காக்கின்றன. ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்காகிறது. குமிழ்கள் சுருங்க, உடையும் மெலிகிறது. குளிர் மிகும் ஆழத்திலேயே அதன் காப்பும் குறைகிறது.

உலர் உடை நீரை உள்ளே விடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டைகள் உண்டு. உள்ளே கனத்த ஆடை அணியலாம். அதில் தங்கும் காற்று உடலைக் காக்கும். ஆழம் மிகுந்தோறும் உடைக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். மேலே வரும்போது அதனை வெளியேற்ற வேண்டும். இதில் தவறினால் காற்று கால்பக்கம் திரண்டு, மூழ்குபவரைத் தலைகீழாக மேலே தள்ளிவிடக்கூடும். விரைந்து மேலெழுவது நுரையீரலுக்குக் கேடு, உயிருக்கும் ஆபத்து. ஆகவே பயிற்சியின்றி இவ்வுடையை அணிதல் கூடாது.

இவ்விரண்டில் எது சிறந்தது? விலை மிகுந்த உலர் உடையே எப்போதும் பாதுகாப்பானது என்பர் சிலர். பழகிவிட்டால் எந்த உடையும் போதும் என்பர் வேறு சிலர். இவ்விரு கருத்துகளும் ஏற்கத்தக்கன அல்ல.

மன்னார் வளைகுடாவின் நீர் வெதுவெதுப்பானது. அங்கே முத்துக் குளிப்போரும் சங்கு குளிப்போரும் நெடுங்காலம் தனி உடையின்றியே மூழ்கினர். அவர்க்கு உலர் உடை வீண் சுமையாகவே இருக்கும். கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள், முன்பு பருத்தி உடையோடு குளிர்நீரில் இறங்கினர். அவர்தம் உடல் குளிருக்கு வியத்தகு முறையில் பழகியிருந்ததை ஆய்வாளர் கண்டனர். ஆயினும் குளிர்காலத்தில் அவர்கள் சிறிது நேரத்திலேயே கரையேறித் தீக்காய வேண்டியிருந்தது. 1970களில் ஈர உடை வந்தபின், அவர்களால் மணிக்கணக்கில் பணிசெய்ய முடிந்தது. பழக்கத்தால் ஆகாததை ஏற்ற உடை ஆக்கியது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018ஆம் ஆண்டு வெள்ளத்தால் அடைபட்ட பன்னிரண்டு சிறுவரையும் அவர்தம் பயிற்சியாளரையும் மீட்டபோது, அவர்களுக்கு ஈர உடையே அணிவிக்கப்பட்டது. அங்கிருந்தது உறைபனி நீர் அன்று. ஆயினும் நெடுநேரம் நீரில் இருந்தால் மிதமான குளிரும் உடல்வெப்பத்தைப் பறித்துவிடும். உலர் உடையைக் கையாளும் பயிற்சி அச்சிறுவர்க்கு இல்லை என்பதும் எண்ணத்தக்கது.

எனவே உடையைத் தேர்வோர் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். நீரின் குளிர் எவ்வளவு? எவ்வளவு நேரம் மூழ்குவது? எவ்வளவு ஆழம்? அணிபவருக்கு என்ன பயிற்சி உண்டு? மிதமான குளிரில் குறைந்த நேரம் மூழ்குவோர்க்கு, உடலோடு நன்கு பொருந்திய ஈர உடை போதும். 10 டிகிரிக்கும் குறைந்த நீரில் நெடுநேரம் மூழ்குவோர்க்குப் பயிற்சியோடு கூடிய உலர் உடையே தக்கது. பயிற்சி இல்லையெனில், முதலில் பயிற்சி பெறுக. அதுவரை அந்நீரில் இறங்காதிருக்க. அச்சத்தால் இறங்காதவரைக் கோழை என்பது அறியாமை.

துணிவு மட்டும் போதாது என்பதற்குத் தங்கவயலே சான்று. அதன் தொழிலாளர் துணிவில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். எனினும் பாறைத்தூசியிலிருந்து அவர்தம் நுரையீரலை அத்துணிவு காக்கவில்லை. சிலிகோசிஸ் நோய் பல குடும்பங்களை வாட்டியது. அவர்கள் கிடைத்த உடையோடு இறங்கினர். தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றபின் அந்த ஆழங்களை நீர் நிரப்பியது. அவர்தம் பேரப்பிள்ளைகள் எத்தொழிலுக்குச் சென்றாலும், காப்புடையைக் கேட்டுப் பெறத் தயங்கலாகாது. ஆழத்தையும் அறிக, தன் ஆற்றலையும் அறிக, அதன்பின் உடையைத் தேர்க.